ட்வைலாவின் செர்ரி கேக்

கேக்குக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டுத்தான் ட்வைலா வண்டியை எடுப்பாள். முன் இருக்கையில் கேக் டப்பா உட்கார்ந்திருக்கும். கணவர் கர்ட் பின்னால் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பொருட்காட்சி நடக்கும் டி மொய்ன் வரைக்கும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால், "போங்கய்யா, போங்க! நான் என்ன சும்மாவா போறேன், கேக்கோட போறேன்" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டி நிறையப் பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் அவள் கை நடுங்காது. ஆகஸ்டில் அயோவா மாநிலப் பொருட்காட்சி வந்தால் மட்டும் கடித்துக் கடித்து நகம் ஒன்றும் மிஞ்சாது.

நானும் அவளோடு பேருந்து ஓட்டுகிறவள்தான். பொருட்காட்சி முகாம் மைதானத்தில் நாங்கள் தங்குகிற கேம்பர் வண்டியும் அவர்களுடையதும் வருஷா வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

அவர்கள் குடும்பத்தில் புளிப்பு செர்ரி கேக் என்பது ஒரு பதவி. அம்மா போட்டிக்குச் செய்துகொண்டிருந்தார். அப்புறம் ட்வைலாவின் கைக்கு வந்தது. தொடர்ந்து இரண்டு வருஷம் பரிசு ரிப்பன் வராவிட்டால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அடுத்தவர் அக்கா மார்லிஸ். அவள் காத்திருப்பதை மறைப்பதும் இல்லை. சென்ற ஆண்டு ரிப்பன் வரவில்லை. பொருட்காட்சியில் வருஷா வருஷம் வெண்ணெயிலேயே செய்து வைக்கும் பசுச் சிலையின் முன்னால் குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட படத்தில் ட்வைலா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதற்கு முந்தைய குளிர்காலத்துக் காய்ச்சலோடு அவளுக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. "காப்பியும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்ணுதாண்டி. வெளிய மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன்" என்று ஒரு நாள் பஸ் கழுவும்போது சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். வீட்டில் தெரியாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் கர்ட் முதல் வாய் வைக்கும்வரை எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துத் தன் முகத்தை வைத்துக்கொள்வாள். அது லேசான காரியம் இல்லை. விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த தொப்பி எந்நேரமும் அவர் கண்வரை இறங்கியிருக்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று நாங்கள் கேலி செய்வோம்.

கர்ட்டுக்குப் பாராட்டவும் வராது. தேவாமிர்தத்தைக் கொடுத்தாலும் "பரவால்ல" என்பார். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை.

செர்ரி வருஷத்துக்கு ஒரு புளிப்பு. சர்க்கரை எவ்வளவு என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு போட்டியன்று விடியற்காலையில், பழக்கலவையைக் கரண்டியில் எடுத்து, ஏதோ பேச்சுவாக்கில் போல அவரிடம் நீட்டியிருக்கிறாள். அவர் நக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, ட்வைலா" என்றிருக்கிறார்.

அதிலிருந்து அவள் உயிர் அவளிடம் இல்லை. "கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் 'நல்லா இருக்கு'ன்னதே இல்லடி! எங்கம்மா செத்தப்பத்தான் இப்படி இதமாப் பேசுனாரு. என் கேக் போச்சு" என்று முகாமில் என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போட்டிக் கூடத்தில் நடுவர் எல்லாருக்கும் முன்னால் ருசி பார்த்து, மைக்கில் சொல்லுவார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது. செய்தவர்கள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் குடும்பம் வழக்கம்போல மூன்றாவது வரிசையை அடைத்திருந்தது. ட்வைலா பிடித்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. நடுவரம்மா ட்வைலாவின் கேக்கில் ஒரு துண்டை மென்றார். தண்ணீர் குடித்தார். "கேக் மெத்துனு இருக்கு. பழந்தான்... கொஞ்சம் துணிச்சலா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். அது நல்லதா, கெட்டதா? ரிப்பன் மதியம்தான்.

மிச்சத் துண்டுகள் கூட்டத்துக்கு வந்தன. மார்லிஸ் தட்டை வாங்கி ஒரு துண்டைத் தின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தட்டைத் தங்கையிடம் நீட்டினாள். "துணிச்சலாமே! நீயே தின்னு பாத்துச் சொல்லேன்டி, புளிப்பு எப்படி இருக்கு?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ட்வைலா ஒரு துண்டை எடுத்தாள்; கை வாய்க்குப் போகவில்லை. அவள் கண் பக்கத்திலிருந்த கர்ட்டிடம் ஓடியது. தொப்பி நிழலில் அவருடைய முகவாய் மட்டும்தான் தெரிந்தது.

"இரு, இரு. எனக்கு ஒரு துண்டு குடு மொதல்ல" என்றார் கர்ட்.

எழுந்து நாற்காலியை அவளுக்கு நேர் எதிராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெயிலே படாத நெற்றி வெளேரென்றிருந்தது. பிறகு அவள் கண்ணையே பார்த்தபடி கேக்கை வாயில் போட்டு, மிக மெதுவாக மென்றார்.