நைனா மஞ்சள் பூசிய கல்

பிள்ளைகளே, திருப்பதியில் விமானம் சக்கரம் ஊன்றுகிற இடத்தில்தான் நம் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. அது எப்படிப் போனது என்று கேட்டீர்களே, எழுதுகிறேன்.

மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் சங்கிலியும் கற்களுமாகச் சர்வேக்காரர்கள் வந்தார்கள். அப்போதெல்லாம் யார் வந்து அளந்தாலும் அது எல்லைக்காகத்தான் என்று நினைப்போம். உங்கள் தாத்தா, எனக்கு நைனா, மோர்ச் செம்போடு ஓடினார்.

"ஏம்ப்பா, கல்லுக்கு உள்ள இருக்கிறதுதானே மெட்ராசு?"

சங்கிலி பிடித்தவர் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னா தெரியும் பெத்தாயனா? நடச் சொன்னாங்கோ, நட்டுக்கினு போறோம்."

"அப்படியே என் கெணத்தையும் உள்ள சேத்துக்கோப்பா. பேரப் பசங்க தமிழ்லயே படிக்கட்டும்."

"கெணறு உள்ளதான் வருது, பயப்படாத" என்று அவர் சிரித்தார்.

அவர்கள் போனதும் நைனா கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார். புது எல்லைக்கல்லுக்கு அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். கற்பூரம் ஏற்றியது நான்.

எல்லை முடிவானபோது நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கல் எதற்கு என்று அதற்குப் பிறகுதான் தாலுகா ஆபீசில் சொன்னார்கள். பெரிய விமான நிலையம் வருகிறதாம், கட்டம் கட்டமாகக் கட்டுவார்களாம். முதல் கட்டத்துக்கு ஏரிப் பக்கத்து நிலம். நம்முடையது இரண்டாம் கட்டம்.

பக்கத்துக் கொல்லைக்காரர் விடவில்லை. "இன்னா மாமா, ஏரோப்பிளேனுக்கு மோர் ஊத்திக் கூட்டிக்கினு வந்துட்டியே!"

நைனாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் கிணற்றில் இறங்கவில்லை. "போற நெலத்துக்கு இன்னாத்துக்குடா தூர் வாரணும்?" என்பார். இரண்டாம் கட்டமோ வருவதாகவும் இல்லை, வராது என்று சொல்வாரும் இல்லை. ஒவ்வொரு விதைப்பும் கடைசி விதைப்பு மாதிரியே நடந்தது. இத்தனைக்கும் பொங்கல் தவறாமல் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசுவார். ஏன் என்று கேட்டால், "கல்லு இன்னாடா பண்ணும், பாவம்" என்பார்.

படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டார்.

"வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல நைனா."

"அப்ப வெதைச்சிடு."

விதைத்தேன். அந்தக் கடலையைப் பிடுங்க நைனா இல்லை. பிடுங்கி முடித்த கொஞ்ச நாளில் இரண்டாம் கட்டத்துக்கு ஆள் வந்துவிட்டது. மறுநாள் மிஷின் இறங்கும் என்றார்கள்.

அன்று பொழுது சாய நான் மட்டும் கொல்லைக்குப் போனேன். கல்லில் போன பொங்கல் மஞ்சள் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கல்லைப் பெயர்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று தோன்றியது. கிணற்றில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றி, தோள் துண்டால் தேய்த்துத் துடைத்தேன். குங்குமம் லேசில் போகவில்லை. போகும்வரை தேய்த்துவிட்டு, துண்டை அங்கேயே அலசிப் பிழிந்துகொண்டு வந்தேன்.