ரசமட்டம் போட்ட வளைவு

வண்டியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி, இரண்டு குதிகால் பக்கமும் ஒரே கோட்டில் நிற்கும்படி வைப்பார். ஏறி உட்கார்ந்ததும் தோளில் கிடக்கும் துண்டால் லீவர்களைத் துடைப்பார். பிறகு, கேபின் கூரையிலிருந்து நூலில் தொங்கும் இரும்பு நட்டு ஆடி அடங்கும்வரை காத்திருப்பார். நட்டு இம்மி சாய்ந்து நின்றாலும் விடமாட்டார். பொக்லைனை முன்னும் பின்னும் நகர்த்தி, நேராக நிறுத்திய பிறகுதான் பக்கெட் மண்ணைத் தொடும்.

ரசமட்டம் என்று அவருக்குப் பெயர் வைத்தவர் ஒரு கொத்தனார். இவர் வெட்டிய அஸ்திவாரக் குழியின் அடியில் கொத்தனார் தன் ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்த்தாராம். குமிழி நேரே நடுவில் போய் நின்றுவிட்டதாம். "யோவ், இனி இந்தக் கட்டை எதுக்கு? உன்னையே படுக்கப் போட்டுப் பார்த்துக்கறேன்" என்றாராம். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

வீட்டிலும் அப்படித்தான். சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் சோறு இறங்காது. மகளுக்குத் தலை வாரிப் பின்னுவது மனைவி. வகிடு எடுப்பது மட்டும் இவர். "வகிடு எடுக்கறாரா, வாய்க்கால் வெட்டறாரான்னு தெரியல. பிள்ளை பள்ளிக்கூடம் போக வேணாமா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்.

எந்த வேலையானாலும் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கெட்டைத் திருப்பி, அதன் முதுகால் கரையை மெல்ல மெல்லத் தட்டிக்கொடுப்பார், தொட்டிலில் பிள்ளையைத் தட்டுவது போல. பிதுங்கிய மண் படியும், வேர்நுனிகள் மறையும், கரை மெழுகியது போலாகும். அதைப் பார்த்தாலே யார் வேலை என்று சொல்லிவிடலாம்.

ஓடையையும் அப்படித்தான் தட்டிக்கொடுத்தார்.

சின்ன ஓடைதான். பாறைக்குன்றின் அடியில் ஊற்றாகக் கசிந்து, உருண்டைக் கற்களுக்கு நடுவே துள்ளி இறங்கி, சமவெளிக்கு வந்ததும் அவசரம் எல்லாம் தீர்ந்துபோய், வயல்களுக்கிடையே வளைந்து வளைந்து போய்ப் பெரிய ஆற்றில் சேரும். ஒவ்வொரு வளைவின் வெளிப்பக்கத்திலும் ஒரு மடு, உள்பக்கத்தில் ஒரு சரளைத்திட்டு. மடுவில் மீன் படுக்கும், சரளையில் முட்டையிடும். செங்குத்தான மண்கரையில் மீன்கொத்தி வளை தோண்டும். மழைக்காலத்தில் வளைவுகளில் தண்ணீர் தேங்கி வயலில் ஏறும். அதனால்தான் வயல்காரர்கள் ஒன்றுகூடி, வளைவையெல்லாம் வெட்டி நேராக்கச் சொன்னார்கள்.

அவர் நேராக்கிய நீளத்தை ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியும். அவருடைய அக்கா தேநீர்ப் பாத்திரத்தோடு பார்க்க வந்திருந்தாள். தையல்காரி. கோணல் கண்டுபிடிக்கிற கண் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் வாய்த்திருந்தது. "என் தையலைவிட நேரா இருக்குடா" என்றாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் அவருக்கு யாரும் தந்ததில்லை.

வளைவு போனதும் ஓடை ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு அது நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சரளையை வாரிக்கொண்டு போயிற்று. மடுக்கள் தூர்ந்தன, மீன் போயிற்று, மழமழவென்ற கரையில் தோண்ட இடமில்லாமல் மீன்கொத்தியும் போயிற்று. படுகை ஆழமாகிக்கொண்டே போக, கரையோரக் கிணறுகளில் நீர் கீழே இறங்கியது. நேர்கோடு முடிகிற இடத்தில், வெட்டாமல் மிச்சம் விட்ட முதல் வளைவில், வந்த வேகமெல்லாம் போய் மோதியது. அந்த வளைவின் மேல்தான் அக்காவின் வீடு.

முதலில் கொய்யா மரம் சரிந்தது. அடுத்த மழையில் துவைக்கிற கல். அதற்கடுத்த மழையில் பின்னறைச் சுவரில் விரிசல். தையல் மெஷினை முன்னறைக்கு நகர்த்திய அன்று அக்கா, "ஓடையைத் திட்டி என்ன பண்றது? அதுக்கு வழி காட்டினது யாரு?" என்றாள். அதுதான் அவரிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

பிறகு, எதிரில் இருந்தாலும் இன்னொருவர் வழியாகத்தான். "வந்தவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பாள் இவர் மனைவியைப் பார்த்து. "வேணாம்னு சொல்லு" என்பார் இவர். "நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோன் கம்பியா?" என்று கேட்டுவிட்டு மனைவி தண்ணீரைத் தானே குடித்துவிடுவார்.

இப்போது அதே ஓடைக்கு வளைவுகளைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. அதை நடத்துவது அரசு அலுவலகத்திலிருந்து வந்த ஒரு இளம்பெண், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரிலேயே நிற்பவள். கல்லைப் புரட்டி, அடியில் மணலை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் புழுக்களைத் தேடுவாள். ஓடைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்டும் ஒரு புழு கிடைத்தால் போதும், அன்று முழுக்கச் சிரித்த முகம்தான். வண்டி ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே போய் நின்றார் ரசமட்டம். அடுத்த மழைக்குள் முடிக்க வேண்டும். பின்னறைச் சுவர் இன்னொரு மழையைத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும்.

முதல் வளைவைக் காம்பஸ் வைத்துப் போட்டது போல் போட்டார். "அண்ணே, இது ஓடை. பூங்காவுல நடைபாதை போடல" என்று அவள் சிரித்தாள்.

"எப்படி வேணும், சொல்லுங்க மேடம்."

"சுமாரா வேணும்ணே."

சுமாராக ஒன்றைச் செய்ய அவர் கைக்குத் தெரியவில்லை. அவள் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள், கற்களை அளவு வாரியாக அடுக்கி, மீன்கொத்திக்கென்று செங்குத்தாக விடச் சொன்ன கரையைச் சரிவாக்கி, மெழுகித் தட்டியும் வைத்திருந்தார். அவள் பார்த்துவிட்டு அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"செங்குத்தா விடச் சொன்னேனேண்ணே."

"இடிஞ்சு விழும் மேடம்."

"விழட்டும். கொஞ்சம் கொஞ்சமா விழணும். விழுற மண்ணுதான் கீழ திட்டாகும்."

அவர் எஞ்சினை அணைத்தார். "எங்க அக்கா வீட்டுக்குப் பின்னாடியும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விழுந்துச்சு."

அவள் பூட்ஸ் முனையால் சரளையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "இங்க விழுந்தா அங்க விழாதுண்ணே. தண்ணியோட கோபம் இங்கயே தீர்ந்துடும்."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"கணக்குப்படி சொல்றேன். உறுதின்னா... ஒரு மழை பார்க்கணும்."

பொய் சொல்லாத அந்தப் பதில்தான் அவரை இளக்கியதோ என்னவோ, மறுநாள் காலை தனியாக வந்தார். காய்ந்த மரக்கட்டை ஒன்றை, இன்னும் தொடாத நேர்ப்பகுதியில் போட்டுவிட்டுக் கூடவே கரையில் நடந்தார். நடை ஓட்டமானது, ஓடியும் பிடிக்க முடியவில்லை. இன்னொரு கட்டையைப் புதுவளைவில் போட்டார். அது சுழியில் சிக்கித் தன்னையே சுற்றிக்கொண்டு, ஒரு கல்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. இவர் தாண்டிப் போய், நின்று, திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, உனக்குப் போக மனசில்லையா?" என்றார் கட்டையிடம்.

அன்றே சரிவாக்கிய கரையைத் தாமே செங்குத்தாக வெட்டினார். அடுக்கிய கற்களைக் கலைத்தார். ஒரு கல்லைப் போட்டுவிட்டு இறங்கிப் பார்ப்பார். அது ஒழுங்காக விழுந்திருந்தால் மறுபடி ஏறி, கோணலாக்கிவிட்டு வருவார். சாயங்காலம் முதுகு வலித்தது. நேராகச் செய்து ஒருநாளும் வலித்ததில்லை.

கடைசி வளைவு முடியும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. எதிர்க்கரையில் யாரோ நிற்பது தெரிந்தது. அக்கா. கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிதுங்கிய மண், நீட்டிக்கொண்டிருந்த வேர்கள், கன்னாபின்னாவென்று கிடந்த கற்கள் எல்லாவற்றையும் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"என்னடா இது, அரைகுறையா விட்டிருக்கே?" என்றாள், நேராக அவரைப் பார்த்து. "தட்டிவிடலையா?"

அவர் கை லீவருக்குப் போய்விட்டது. பக்கெட் எழும்பி, திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு கரையருகே வந்தது. வந்து அந்தரத்தில் நின்றது. அதன் பல்லிலிருந்து சேறு சொட்டியது. கேபினுக்குள் நூலில் நட்டு ஆடிக்கொண்டிருந்தது.

பக்கெட்டைக் கரையிலிருந்து விலக்கி, தள்ளிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.