ஒரு ‘லே’ போதும்

போன வாரம் பெட்ரோல் பங்க் வரிசையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், “ஏலே, வண்டிய முன்ன தள்ளுலே. நின்னுக்கிட்டே தூங்குதியா?” என்றார். எனக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள். அந்த ‘லே’க்காக நான் ஒரு காலத்தில் வேலைக்கே போயிருக்கிறேன்.

ஏரலில் அப்பாவுக்குப் பெரிய பலசரக்குக் கடை. ஊருக்கே அவர் அண்ணாச்சி. அதனால் மீசை முளைக்கும் முன்பே நான் சின்ன அண்ணாச்சி ஆகிவிட்டேன். கிரிக்கெட்டில் மூன்று ஸ்டம்பும் பறந்தாலும் காற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லி மறுபடி ஆடச் சொல்வார்கள். ஆற்றில் ஒருவனையொருவன் தள்ளிவிட்டுக் கும்மாளம் போடுவான்கள். என்னைத் தள்ள ஆளில்லை. நானே குதித்துக்கொள்வேன். படிப்பு முடிந்ததும் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது நான் பிறக்கும் முன்பே முடிவான சங்கதி. உட்கார்ந்தால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் ஒருத்தரும் ‘லே’ சொல்லப்போவதில்லை.

கொஞ்ச நாள் வெளியே பழகிவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சி, கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்கச் சேர்ந்தேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கடையில் இருக்கிறார் என்றேன். பொய்யில்லையே! சூப்பர்வைசர், “ஏலே, பெட்டிய பைய வைலே, முட்டாப் பயலே” என்று கத்தும்போதெல்லாம் பாயசம் குடித்த மாதிரி இருக்கும். அதற்காகவே சில பெட்டிகளைத் தலைகீழாக வைத்தேன்.

அப்பாவுக்குப் பொறுக்குமா? பிள்ளை இளைத்துப்போவான் என்று, கடைப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய வேனில், ஷிப்டிலுள்ள எல்லாருக்கும் காணும் அளவுக்கு உடன்குடிக் கருப்பட்டி அனுப்பிவிட்டார். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே சூப்பர்வைசர் என் பக்கம் வந்தார்.

“எதுக்கு அண்ணாச்சி நீங்க போயி தூக்குதீய? அங்கன ஃபேனுக்கு அடியில உக்காருங்க.”

போச்சு. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தேன். அப்பா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“மூஞ்சி ஏம்லே தொங்குது? சாப்பிட்டியாலே?”

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், போங்கள்.

இப்போது அப்பா இல்லை. கல்லாவில் நான் இருக்கிறேன். அன்று பெட்ரோல் பங்கில் அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். என் நரைத்த தலையைப் பார்த்ததும் மனிதர் பதறிப்போனார்.

“அண்ணாச்சியா? தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க.”

சே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்திருக்கலாம்.