திரையில் ஒட்டிய அம்புகள்

என் மருமகள் எழுதுவது மிஷின் படிக்காத வரிகள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவளே சொன்னதுதான். கிண்டலை நான் அப்புறம் சேர்த்துக்கொண்டேன்.

கணியம்பாடிப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பெண். காட்பாடியில் கம்ப்யூட்டர் படித்தாள். ஷூ ஃபேக்டரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிற ஒரு பெங்களூர் ஆபீஸில் வேலை. என் மகனைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் ஒப்புக்கொண்டார்களாம். வந்த நாலாவது நாளே கூடத்தில் மேஜை போட்டு லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். ஜன்னலோரம் இருப்பது என் நாற்காலி. அதை மட்டும் அவள் நகர்த்தவில்லை. புத்திசாலிப் பெண்.

ஒரு நாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னாம்மா, காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கியே, மிஷினு எப்பதான் வேலைய ஆரம்பிக்கும்?"

"இது மிஷினுக்கு இல்ல அத்தை. புரோகிராம் நடுவுல குறிப்பு எழுதுறேன். இந்த வரிங்கள மிஷின் படிக்காது, தாண்டிப் போயிடும்."

"படிக்காததுக்கு எதுக்கு எழுதுற?"

"நாளைக்கு இத வச்சு வேலை செய்றவங்க படிக்கணுமே. இந்தத் துண்டு இன்னா செய்யும், அதுக்கு இன்னா குடுக்கணும், திரும்ப இன்னா வரும்னு."

"அதுக்காக அவங்க மொத்த புரோகிராமையும் படிப்பாங்களா?"

"வேணாம். இந்தக் குறிப்புங்கள மட்டும் பொறுக்கி எடுத்துப் புஸ்தகமா கட்டிக் குடுக்க வேற ஒரு புரோகிராம் இருக்குது."

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். புரோகிராம் என்பது ஒரே நீளமாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் பச்சை எழுத்தில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புக்குள் சில வரிகள் @ என்கிற சுழியோடு தொடங்கும். சுழியை ஒட்டி வருவது கட்டளை. முதல் சுழி, இந்தத் துண்டு செய்வதை ஒரே வரியில் சொல்கிறேன் என்பதற்கு. இரண்டாவது, திரும்ப வருவது இது என்பதற்கு. மூன்றாவது, இந்தத் துண்டு இன்ன குரூப்பைச் சேர்ந்தது என்பதற்கு. வெட்டு, தையல், ஸ்டாக், பேக்கிங் என்று அவளே குரூப்புகளுக்குப் பெயர் வைத்திருந்தாள். மூன்றாவது சுழி இருந்தால் துண்டு தன் அத்தியாயத்தில் போய் உட்காரும். இல்லாவிட்டால் எதிலும் சேராமல் கடைசிக் குவியலில் கிடக்கும்.

"எல்லாத்தையும் ஒரே வரியிலயா சொல்லணும்?"

"ஆமா. உங்களால முடியாது அத்தை."

அன்றைக்குச் சாப்பிடும்போதும் அவள் விடவில்லை. "அத்தைகிட்ட ஒரு வரிச் சுருக்கம் கேட்டா கம்ப்யூட்டர்ல இடம் பத்தாது" என்றாள். என் மகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இவன எந்தக் குரூப்புல போடுவ?" என்று கேட்டேன்.

"சாப்பாடு" என்றாள். அவன் சிரிப்பு நின்றது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அந்த வேளையில்தான். அவளிடம் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து அவள் மேலதிகாரி போன் செய்தார். பேசி முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். புத்தகத்தை மூன்று முறை கட்டி அனுப்பிவிட்டாள், மூன்று முறையும் தப்பாக வந்திருக்கிறது. தோலின் அளவைக் கூட்டுகிற துண்டு பேக்கிங் அத்தியாயத்தில் கிடக்கிறது, பெட்டிக்கு லேபிள் அடிக்கிற துண்டு தையலில். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஒழுங்காக வராவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது முடிந்தது, பெங்களூருக்கே வந்து உட்கார்ந்து செய் என்று சொல்லிவிட்டார். அங்கே ஹாஸ்டலில் தங்க வேண்டும். இங்கே வாரத்துக்கு ஒரு தடவை ரயிலில் வந்து போகலாம். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் இல்லை. "போனா போ. டிவி சத்தத்த ஜாஸ்தியா வச்சிக்கலாம்" என்றேன்.

"ஆமா அத்தை, உங்களுக்கும் பேஜார் கம்மி" என்றாள்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. குழம்பை நான் தேவைக்கு மேல் கிண்டினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது இரண்டே எழுத்து: இடது காலுக்கு எல், வலது காலுக்கு ஆர். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஷூ ஃபேக்டரியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கடைசிச் செக்கிங் டேபிள். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியும் என் கை வழியாகத்தான் போகும். விட்ட தையல், பசைக் கறை, சுருக்கம், எங்கே குறை இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அம்பு சின்னது, அரிசி நீளம். நான் ஓய்வு பெற்றபோது மீதியிருந்த ஒரு சுருளைக் கொண்டுவந்து ஊசி நூல் டப்பாவில் வைத்திருந்தேன். என் டேபிளைத் தாண்டிப் போனது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் மருமகளிடம் ஏழெட்டு முறைதான் சொல்லியிருப்பேன். அவள் கணக்கு வேறு.

சனிக்கிழமை காலையில் அவள் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பச்சைக் குறிப்புகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

"அது நிக்கட்டும்" என்றேன். "அதுல சுழி ரெண்டுதான் இருக்குது. முன்னாடி போனதுல எல்லாம் மூணு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அட ஆமா. இதுக்குக் குரூப்பே விழல. நான் ரெண்டு தடவை படிச்சேன் அத்தை."

"நீ படிச்ச. நான் பார்த்தேன்."

"ஏபிசிடி தெரியாமலேயா?"

"ஷூ இன்னா ஏபிசிடியா பேசுது?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மொட்டை மாடியில்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். "அத்தை, இந்தச் சாவிய அமுத்தினா கீழ போகும். சுழி கம்மியா இருந்தா ஞாபகம் வச்சிக்குங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஞாபகம் வைத்துக்கொள்வதாவது. ஊசி நூல் டப்பாவிலிருந்து சுருளை எடுத்து வந்தேன். சுழி இரண்டே இருந்த ஒரு குறிப்புக்கு நேராக முதல் அம்பை ஒட்டினேன். பழைய கை மறக்கவில்லை, நேராக உட்கார்ந்தது. சாவியை அமுக்கினேன். அடுத்த பக்கத்தில் இரண்டு குறை. அவற்றுக்கும் ஒட்டினேன். மறுபடியும் அமுக்கினேன். இப்போது பார்த்தால் மூன்று சுழியும் ஒழுங்காக உள்ள குறிப்புக்கு எதிரே என் அம்பு நிற்கிறது.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே நிறுத்தியிருப்பார்கள். நான் ஒட்டிய அம்பு தப்பாக இருக்காது என்பது என் எண்ணம். ஆகவே அந்தக் குறிப்பில் என் கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு செய்து, அதை விட்டுவிட்டு அடுத்த குறைகளுக்கு ஒட்டிக்கொண்டே போனேன்.

அவள் இறங்கி வந்தபோது திரையில் எழுத்தைவிட அம்பு ஜாஸ்தியாக இருந்தது.

"அத்தை! இன்னா இது?"

"குறை."

அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைக் காலில் சாய்ந்தாள்.

"இன்னா சிரிப்பு? என் டேபிள்ல சூப்பர்வைசரே சிரிச்சதில்ல."

"ஷூ நகர்ந்தா ஸ்டிக்கரும் கூடவே போகும் அத்தை. இங்க எழுத்துதான் நகருது, ஸ்டிக்கர் கண்ணாடியிலயே நிக்குது. பாருங்க." சாவியை அமுக்கிப் பிடித்தாள். என் அம்புகளுக்குக் கீழே எழுத்துகள் ஆறு மாதிரி ஓடின. ஒரு அம்பும் அசையவில்லை. என் முகம் சூடாகிவிட்டது.

"ஆபீஸ் லேப்டாப் அத்தை இது."

"பஞ்சுல தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா போயிடும். எத்தனை பசைக் கறையப் பார்த்தவ நானு" என்று எழுந்து போனேன். உண்மையில் அவளுக்கு முகத்தைக் காட்ட வேண்டாம் என்றுதான் போனேன்.

திரும்பி வந்தபோது அம்புகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து உரித்ததும் கை அப்படியே நின்றது. வேறு ஒரு பக்கத்தைத் திறந்தாள். கட்டம் கட்டமாக ஒரு பட்டியல். அதையும் புரோகிராமையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அத்தை, நானும் இதையேதான் பண்ணியிருக்கேன்."

"நீயும் ஸ்டிக்கர் ஒட்டினியா?"

"கிட்டத்தட்ட. எந்த ஃபைல், எத்தனையாவது வரி, எந்தக் குரூப்புன்னு தனியா லிஸ்ட் போட்டு வச்சேன். புஸ்தகம் கட்டும்போது அந்த லிஸ்ட்டப் பார்த்து மூணாவது சுழிய அந்தந்த வரியில கம்ப்யூட்டரே போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா பெங்களூர்ல தினமும் யாராவது மேல ரெண்டு வரி சேர்க்குறாங்க, மூணு வரி எடுக்குறாங்க. நாப்பதாவது வரியில இருந்தது நாப்பத்தாறுக்குப் போயிடுது. என் லிஸ்ட் இன்னும் நாப்பதுன்னே சொல்லிக்கிட்டு இருக்குது. கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி."

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். "இப்ப நான் சிரிக்கலாமா?"

"சிரிங்க அத்தை."

"வேணாம். அப்பறமாத் தேவைப்படும், வச்சிக்கறேன்."

அவள் அந்தப் பட்டியலையும் அது போட்ட சுழிகளையும் தூக்கிப் போட்டாள். குரூப் சொல்லும் வரியை ஒவ்வொரு குறிப்புக்குள்ளேயும் தன் கையாலேயே எழுதுவது என்று முடிவாயிற்று. அப்படி எழுதிவிட்டால் மேலே யார் எத்தனை வரி சேர்த்தாலும் துண்டு தன் சுழியைத் தூக்கிக்கொண்டே நகரும். மொத்தம் நானூற்றுச் சொச்சம் துண்டுகள். அவள் எழுத எழுத நான் எண்ணினேன். மூன்று இருந்தால் "போ" என்பேன். குறைந்தால் "நில்லு". சனியும் ஞாயிறும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சமையல் என் மகனிடம் போனது. உப்புமாவில் அவன் மூன்றாவது சுழியைப் போட மறந்துவிட்டான் என்று மருமகள் சொன்னாள். உப்பைச் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு புதுக் குரூப் முளைத்ததைக் கவனித்தேன், 'மத்தவை' என்று பெயராம். வர வர அதில்தான் எல்லாம் போயின.

"இன்னாம்மா, களைச்சிட்டியா?"

"எப்படித் தெரியும்?"

"ஒரே மாதிரி நீளமா ஒரு எழுத்து வந்துக்கிட்டே இருக்குதே. எங்க லைன்லயும் சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் ஒரே கூடையில போடுவோம். காலையில திட்டு வாங்குவோம்."

முணுமுணுத்துக்கொண்டே அதில் போட்டதை எல்லாம் எடுத்துத் திரும்பப் பிரித்தாள். இரண்டு மட்டும் எதிலும் சேராமல் மிஞ்சின. அவை அங்கேயே இருக்கட்டும் என்று நான் அனுமதி கொடுத்தேன். என் அனுமதியை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் புத்தகத்தைக் கட்டி அனுப்பினாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை டிவியை நான் போடவில்லை. ஐந்து மணிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை அவள் மாடிக்கு ஓடவில்லை, என் எதிரிலேயே நின்று பேசினாள். பேச்சு முழுக்க இங்கிலீஷ். நான் அவள் முகத்தைச் செக்கிங் செய்தேன். முதலில் இறுகியிருந்தது. அப்புறம் ஒரு முறை என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். கடைசியில் "தேங்க் யூ சார்" என்றாள்.

"இன்னா சொன்னாரு?"

"எல்லாம் அதது இடத்துல இருக்குதாம். ஊர்லயே இருந்து வேலை பாருன்னுட்டாரு."

"அப்ப உதட்ட எதுக்குக் கடிச்ச?"

"ஒண்ணே ஒண்ணு குரூப் இல்லாம கடைசியில கிடக்குதாம். அதப் போட்டு அனுப்பணும்." நிறுத்தி நிதானமாக அடுத்ததைச் சொன்னாள். "முப்பத்தொரு வருஷத்துல மொத ரிட்டர்ன் அத்தை."

"இருக்காது. எங்க, காட்டு."

காட்டினாள். சுழி இரண்டுதான் இருந்தது. நான் அந்த இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இது வர்றப்பதான் உன் புருஷன் குறுக்க நின்னு டீ குடுத்தான்" என்றேன்.

"அம்மா, நான் டீயே போடல" என்றான் அவன், அடுப்படியிலிருந்து.

"பாரு, டீயும் குடுக்கல."

அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். நான் எண்ணினேன். "போ" என்றேன்.

மறுநாள் காலையில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது லேப்டாப் மூடியின் முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. எழுத்து எப்படி ஓடினாலும் அங்கே அது நகராது.

"இன்னாம்மா, இதுல இன்னா குறை?"

"குறை அதுல இல்ல அத்தை. அம்பு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க."

அது ஜன்னலோரம், என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்து வைத்திருந்த சிரிப்பை அப்போதுதான் செலவழித்தேன்.