ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரம்

எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. மூன்று வருஷமாக இந்த ஒரு வரியைத்தான் சொன்னேன், இந்த ஜெப வீட்டில் யாரும் நம்பவில்லை. ஆண்டவருக்கு நன்றிச் சாட்சி சொல்வதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டரம்மா முகம் சுளிக்க வேண்டாம்.

நான் எஸ்தர், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஓர் ஐப்பசி மழையில் தொடங்கியது. முதலில் தோள், பிறகு இடுப்பு, அப்புறம் வலிக்காத இடம் எது என்று தேட வேண்டியதாயிற்று. கூடைக் கயிறு தலையில் பட்டாலே கண்ணீர் வரும். விடிய விடியத் தூங்கினாலும் அடித்துப் போட்ட மாதிரிதான் எழுந்திருப்பேன். அடுப்படிக்குப் போய் நின்று, எதற்கு வந்தேன் என்று முழிப்பேன்.

டிஸ்பென்சரி ஐயா ரத்தம் பார்க்கச் சொன்னார். பண்டாரவளைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நம் லயத்து வீடுகளுக்கு ஒரு ரிப்போர்ட் வந்தால் அத்தனை பேரும் டாக்டர்தானே! இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, நட்சத்திரம் தெரியும். அளவு தப்பிய இடத்தில் லாப்காரர் ஒரு நட்சத்திரம் அடித்து அனுப்புவார். நட்சத்திரம் இருந்தால் நோயாளி. இல்லாவிட்டால் நடிப்புக்காரி. என் நாத்தனார் சாந்தி மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினாள்.

"ஒண்ணுமே இல்லியே மதினி. நல்லாத்தானே இருக்கீங்க?"

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணி கேட்டார்: "ரத்தம் சுத்தமா இருக்காமே? இன்னொரு நாள் வேலைக்கு வரலன்னா பேர வெட்டிருவேன்."

ஜெப வீட்டுக்காரர்கள் நீங்கள் மட்டும் என்ன யோக்கியமா? ஒளித்து வைத்த பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கையிடச் சொன்னீர்கள். ஒரே பீலித் தண்ணீரில் குளிக்கிறோம், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் படுக்கிறோம். உங்களுக்குத் தெரியாமல் நான் எங்கே போய்ப் பாவம் செய்வது?

அப்போதுதான் அந்த வெட்கங்கெட்ட ஜெபத்தைச் செய்தேன். நோய் போகட்டும் என்று ஊரே ஜெபிக்கும். நான் நோய் வரட்டும் என்று ஜெபித்தேன். "ஆண்டவரே, ஒரே ஒரு நட்சத்திரம் தாரும்." அதற்கு மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு.

நாலாவது ரிப்போர்ட்டில் வந்தேவிட்டது. ஈ.எஸ்.ஆர். என்ற வரிக்குப் பக்கத்தில் அழகாக ஒரு நட்சத்திரம்! இதே இடத்தில் நின்று அதை உயர்த்திக் காட்டினேன். நீங்கள் கைதட்டிப் பாடினீர்கள். அந்த ஒரு வாரம் உங்களுக்குத்தான் என்ன பாசம்! ஒருத்தி ரசம் கொண்டு வந்தாள், ஒருத்தி என் துணியைத் துவைத்தாள். கங்காணிகூட "எஸ்தரம்மா" என்று கூப்பிட்டார்.

காலில் அட்டை கடித்த இடம் சீழ் பிடித்திருந்தது. ரத்தத்தில் தெரிந்தது அந்தப் புண்தான். ஏழு நாள் மாத்திரையில் புண் ஆறியது, நட்சத்திரமும் போய்விட்டது. வலி போகவில்லை. நான் பொய்ச்சாட்சி சொன்னவளாகிவிட்டேன். ரசமும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு நான் நட்சத்திரம் கேட்கவில்லை. "என்னை நம்புகிற ஒரு ஆளைக் காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

போன மாசியில் டிஸ்பென்சரி ஐயா, தொல்லை விட்டால் போதும் என்று பதுளை பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தது யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். தூக்கம் எப்படி என்று கேட்டார். மூன்று வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. தோளில் மெதுவாக அழுத்தினார், நான் கத்திவிட்டேன்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. உங்கட ரத்தத்தில பிழை இல்லை. நீங்க சொல்லுற நோவும் பொய் இல்லை. மற்ற நோய் வருத்தங்கள் இல்லையெண்டு பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறது. இந்த வருத்தத்தை ரத்தத்தில கண்டுபிடிக்கேலுமோ எண்டு இப்பவும் தேடிக்கொண்டுதான் இருக்கினம்."

பைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நம்பினார், அவ்வளவுதான். நான் கேட்டது அதைத்தானே, ஆண்டவர் அதைத்தான் தந்தார்.

பொழுது சாய்ந்ததும் ஒரு மாத்திரை, தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக நடை. டாக்டரம்மா கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கங்காணி வாயை மூடிக்கொண்டார். இப்போது உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை. பெயரை வெட்டவில்லை. வலி முழுதாகப் போய்விட்டதா? இல்லை. பாதி நாள் நன்றாக இருக்கிறேன். அதிசயம் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகலாம்.

உங்களை இத்தனை திட்டினேன். உங்களைவிடக் கேவலமான ஒருத்தியையும் சொல்ல வேண்டும். எனக்கு வலி வருவதற்கு முன்னால், அடுத்த நிரையில் கொழுந்து பறித்தவள் பாக்கியம். உடம்பு வலி, உடம்பு வலி என்பாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரும் கேட்கும்படி, "இவளுக்கு வலியெல்லாம் திங்கக்கெழம பாத்துத்தான் வரும்" என்று சொன்னது யார்? நான்தான். நீங்கள் சிரித்தீர்கள், சிரிக்க வைத்தவள் நான். அவள் வேலையை விட்டு வீட்டோடு முடங்கிவிட்டாள்.

பதுளையிலிருந்து வந்த அன்றே அவள் காம்பராவுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள்.

"ஒனக்கு ரிப்போர்ட்ல என்னா வந்துச்சு?"

"ஒண்ணும் வரல பாக்கியம்."

"எனக்கும் ஒண்ணும் வரல," என்றாள். கதவை முழுதாகத் திறந்தாள். "உள்ள வா."

கண்ணால் காணாத தேவனை வாரம் தவறாமல் நம்புகிறோம். பக்கத்துக் காம்பராக்காரியின் வலியை நம்ப மட்டும் நமக்கு நட்சத்திரம் வேண்டியிருந்தது. ஆண்டவரை நம்புங்கள், அவர் எனக்குச் செவிகொடுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை பாக்கியத்தை இங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளிடம் ரிப்போர்ட் கேட்காதீர்கள். உட்கார இடம் கொடுங்கள்.