பெட்டிக்குள் ஒரு மனைவி

பேருந்து நிலையத்தில் அவளை மைக் அக்கா என்பார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவிப்பது அவள் வேலை. அவள் சொன்ன பக்கம் ஊரே ஓடும். வீட்டில் இருந்த ஒருவர் மட்டும் ஓடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஒருவர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன், ஒரு காலையில் அவளை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீ? என் வீட்டுக்காரி எங்க?" என்றார்.

மறதி நோய் என்றார் டாக்டர். நோய்க்குப் பெயர் கிடைத்ததே தவிர, வீட்டுக்காரி கிடைக்கவில்லை. முன்பின் தெரியாதவள் கையால் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

யோசனை சொல்ல ஆளா இல்லை? "கல்யாண ஃபோட்டோவைக் காட்டுங்க அண்ணி, எல்லாம் ஞாபகம் வந்துரும்" என்றாள் நாத்தனார், போனில். காட்டினாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. நீ யாரு, இவளோட அம்மாவா?"

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடக்கும். அங்கே நர்ஸ் சொன்னாள்: "வாதாடாதீங்கக்கா. அவரை இங்க இழுக்காதீங்க. அவர் இருக்கற இடத்துக்கு நீங்க போயிடுங்க."

போக வழியும் கிடைத்தது. ஒருநாள் சமையலறையிலிருந்து ஏதோ கேட்டாள். "இதோ வரேம்மா!" என்று அவரிடமிருந்து குழைவாகப் பதில் வந்தது. அவருக்கு முகம்தான் அந்நியம், குரல் மனைவியுடையதேதான்!

அலமாரியில் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வைத்துப் போனோடு இணைத்தாள். தன் குரலைப் போனில் பதிவு செய்து, சாப்பாட்டு நேரத்து அலாரமாக்கினாள். "ஏங்க, சாப்பாடு ஆறுது. வாங்க" என்று பெட்டி கூப்பிடும். அவள் வாய் மூடித் தட்டோடு நிற்பாள். "இந்தப் பொண்ணு ஊமை போல, பாவம்" என்று பெட்டியிடம் சொல்லிக்கொண்டே அவர் சாப்பிடுவார். சட்டை மெல்ல நிறைந்தது. சில நாள், தனக்குப் பசித்தாலும் பெட்டி கூப்பிடட்டும் என்று அவளே காத்து நிற்பதைக் கவனித்துத் திடுக்கிட்டாள்.

ஒரு மதியம் அவர் பெட்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டிருந்தார்.

"உள்ள ஆளில்ல" என்று கிசுகிசுத்தார். "அது என் வீட்டுக்காரியே இல்ல. அவ இவ்வளவு இனிமையா என்னைக்கு என்னைக் கூப்பிட்டா? வள்ளுனு விழுவா. இது வேற யாரோ. வெளிய போயிருக்கா. திரும்பறதுக்குள்ள நாம போயிடலாம், வா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மாதம் கழித்து! 'நான்தாங்க' என்பது நாக்கு வரை வந்தது. பேசினால் அந்த 'வேற யாரோ' தானே என்றாகிவிடும் என்று புரிந்து, விழுங்கினாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள்.

தெருமுனைப் பூங்கா பெஞ்சில் முதல் கவளத்தை அவர் வாய்க்குக் கொண்டுபோனபோது, அவள் பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க, சாப்பாடு ஆறுது. வாங்க."

பெட்டி இல்லாவிட்டால் போனே பேசும் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

கவளம் அந்தரத்தில் நின்றது. பையைப் பார்த்தார். மூடியிருந்த அவள் உதடுகளைப் பார்த்தார், வெகுநேரம். பிறகு பையைத் துண்டால் இறுக்கிச் சுற்றி, பெஞ்சுக்கடியில் தள்ளி, அதன்மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டார்.

"துரத்திக்கிட்டே வந்துட்டா பாத்தியா? நல்லவேளை, உனக்குப் பேச்சு வராது."

அவள் தலையாட்டினாள். அவர் காலடியில் அவள் குரல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.