கொட்டாவிக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

குமரேசனுக்கு வாய் அதிகம். நர்ஸ் என்கிற மரியாதைகூட இல்லாமல் என்னையே கேலி செய்வான். ஜவ்வாது மலையில் புளி உலுக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று பீற்றிக்கொள்வான். போன வருடத்துக்கு முந்தின வருடம் புளியமரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பு தப்பியது, வலி விடவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, அடிவாரத்தில் ஒரு கடைக்காரன் சீட்டுகூடக் கேட்காமல் எட்டு மாதம் கொடுத்தான். அந்த ஆளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழையில் பஸ் நின்று மாத்திரை தீர்ந்துபோகிற நாட்களில் குமரேசனுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வரும்; கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகும். எங்கள் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான், கண் பட்டிருக்கிறது. மனைவி நீலாவதி உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மறுநாள் பஸ் வந்தது, அவன் மாத்திரை வாங்கி விழுங்கினான், கொட்டாவி நின்றது. பேர் என்னவோ மிளகாய்க்கு! இப்படியே நான்கு தடவை.

ஐந்தாம் தடவை அவன் சோற்றுச் சட்டியைத் தூக்கி எறிந்தான். மகள் இளவரசி பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். நீலாவதி என்னிடம் வந்து, “அக்கா, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா புள்ளைய இட்டுனு எங்கம்மா வூட்டுக்கே போய்டுவேன்” என்றாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விசாரித்ததில் மாத்திரை அட்டை வெளியே வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

இருவரையும் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: அந்த மாத்திரை வலியை மட்டும் அமுக்குவதில்லை, மூளையில் மனதை நிதானமாக வைக்கிற செரோடோனினையும் அதுவே தாங்கிப் பிடித்திருக்கிறது. எட்டு மாதத்தில் உடம்பு அதற்குப் பழகிவிட்டது; திடீரென்று நிறுத்தினால் கொட்டாவியும் கண்ணீருமாக உடம்பு ஆட்டம் காணும், மனதும் கூடவே சரியும். அவன் கோபத்தில் அதற்கும் பங்கு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அளந்து கொடுக்கச் சொல்லி மாத்திரையை நீலாவதியின் கையில் கொடுத்தார்.

இரண்டு மாதம் இழுத்தது. கடைசி மாத்திரை முடிந்த நான்காம் நாள் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கால் ஓரிடத்தில் நிற்காமல் வாசலில் நடந்துகொண்டிருந்தான். நீலாவதி சாமைச்சோறு போட்டாள். உட்கார்ந்தவன் தட்டைத் தூக்கினான். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மெதுவாகக் கீழே வைத்தான்.

“நீலா, கோவம் வருது. உம்மேல இல்ல.”

“தெரியும். வந்தா வந்துட்டுப் போவுது. நான் எங்கயும் போவல, நீ துன்னு.”

அவன் சாப்பிட்டான். சொல்ல வெட்கமில்லை, நான்தான் அழுதேன்.